வாசலைப் பார்த்த வட்டில்

எனக்குச் சோறு போடுவதென்றால் அவள் முதலில் தெருக்கதவைத் திறந்து வைப்பாள். மழையடித்தாலும் சரி, ஆடிக் காற்று புழுதியை அள்ளி உள்ளே கொட்டினாலும் சரி, இரண்டு கதவும் சுவரோடு ஒட்டிய பிறகுதான் சட்டியில் கை வைப்பாள். அப்புறம் மணையை வாசலுக்கு நேரே போட்டு, என்னைத் தெருவைப் பார்த்து உட்காரவைப்பாள். வட்டிலை வைத்துவிட்டு ஓர் எட்டு வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பிப் பார்ப்பாள். வட்டிலில் இருப்பது தெருவுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்த வயதில், என் அழகைப் பார்த்து ரசிக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் சின்னாத்தா. என்னைப் பெற்றவள் நான் தொட்டிலில் கிடந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். வருஷம் திரும்புவதற்குள் அப்பா இவளைக் கட்டிக்கொண்டு வந்தார். தாலி கட்டி முடித்த கையோடு, என் தாய்மாமன் பந்தலில் எழுந்து நின்று நாலு பேர் கேட்கச் சொன்னாராம்: "என் தங்கச்சி புள்ள வயிறு வாடுச்சுன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே தூக்கிக்கிட்டுப் போயிருவேன். எவனையும் கேக்க மாட்டேன்." பதினேழு வயசுப் பெண் மாலையும் கழுத்துமாகத் தலைகுனிந்து அதைக் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் நிம்மதியாக ஒரு வேளை சோறு தின்றதை யாரும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில். சுற்றிலும் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து நெல்லாக விளைந்தாலும், வீடுகளில் அன்றாடம் கம்பும் சோளமும் கேழ்வரகும்தான். நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அப்பா மலைமேலே ஏலத்தோட்டத்தில் கங்காணி. மாதம் ஒருமுறை இறங்கி வந்தால் இரண்டு நாள் இருப்பார். அந்த இரண்டு நாளும் தூங்குவார். வீட்டில் எது நடந்தாலும் அது சின்னாத்தா தலையில்தான்.

எனக்கு மட்டும் மூன்று வேளையும் நெல்லுச்சோறு. அதுவும் வீட்டில் குத்திய அரிசி இல்லை. கம்பத்தில் புதிதாக வந்திருந்த மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி. குத்தின அரிசிச் சோறு கொஞ்சம் சிவந்திருக்கும், தெருவிலிருந்து பார்க்கிறவள் அதைக் கேழ்வரகு என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்பது அவள் கவலை. சோற்றுக்கு மேல் ரசம், ஓரத்தில் பொரித்த அப்பளம். நெய்க்கு வழியில்லை. அதனால் பளபளவென்று தெரிகிற மாதிரி நல்லெண்ணெய் ஊற்றுவாள். வாசலிலிருந்து பார்த்தால் அதுவும் நெய்தான்.

அவள் பெற்ற இரண்டு பையன்களும் அடுப்படி மூலையில் உட்கார்ந்து கம்பஞ்சோறும் முருங்கைக்கீரையும் தின்றார்கள். கீரைக்குக் கொல்லையில் மரம் நின்றது. "அவனுக நான் பெத்ததுக. எதத் தின்னாலும் ஊரு கேக்காது" என்பாள். எனக்குக் கீரை போடலாமே என்று யாரோ ஒரு தடவை சொன்னபோது பதறிப்போனாள். "மூத்தா புள்ளைக்கு மரத்து எலயப் பறிச்சுப் போடுறான்னு ஒருத்தி வாயில வந்துட்டா, நான் ஆத்துலதான் விழணும்."

நானோ அப்பளத்தை உயர்த்திப் பிடித்து, தம்பிகள் பார்க்கப் பார்க்க நொறுக்கித் தின்பேன். பெரியவன் எச்சில் விழுங்குவான். சின்னவன் ஒரு துண்டு கேட்டு அழுவான். கொடுத்ததில்லை. அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

மாமாவுக்கு ஊர் தேவாரம். வாரச் சந்தைக்கு வண்டி பூட்டி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வருவார். அன்று காலையிலேயே சின்னாத்தா என்னைப் பிடித்து முன்னால் நிறுத்திக்கொள்வாள். என் மேல்கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். "சதை இருக்கு, இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பிறகு சந்தேகம் வந்து மறு கையையும் பிடித்துப் பார்ப்பாள். எண்ணெய் தடவினால் கை கொஞ்சம் கொழுகொழுவென்று தெரியும் என்று தோள்வரை தடவிவிடுவாள்.

"மாமா கேட்டாகன்னா என்ன சொல்லணும்?"

"நெல்லுச்சோறு."

"தொட்டுக்க?"

"அப்பளம்."

"நெதமுமா?"

"நெதமும்."

"அழுத்திச் சொல்லு தாயி. அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மாமாவுக்குக் காதெல்லாம் நன்றாகவே கேட்கும். அவர் வந்ததும் உட்கார மாட்டார். அடுப்படிவரை போய்ச் சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து, என் தலையில் கை வைத்து, "வயிறு நெறஞ்சுச்சா தாயி?" என்பார். கேள்வி எனக்கு, பார்வை அவளுக்கு. கெட்ட மனுஷர் இல்லை. ஒரே தங்கையைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை வேறு எங்கும் இறக்கிவைக்க இடமில்லாமல் என் வட்டிலில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அவர் வண்டி வாய்க்காலைத் தாண்டிப் போன பிறகுதான் சின்னாத்தா பச்சைத் தண்ணீராவது குடிப்பாள்.

எட்டு வயதில் எனக்கு உதட்டோரம் வெடிக்கத் தொடங்கியது. நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்கியது. தோல் சொரசொரவென்று ஆனது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இன்னும் ஓர் அகப்பை வெள்ளைச் சோறு போட்டாள்.

ஒருநாள் வயலிலிருந்து எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஊருக்குள் நுழைய வாய்க்காலின் குறுக்கே ஒரு தென்னந்தடி போட்டிருக்கும். தம்பிகள் இரண்டு பேரும் அதன்மேல் தடதடவென்று ஓடிவிட்டார்கள். நான் கால் வைத்த இடத்தில் தடி இல்லை. தண்ணீருக்குள் போனேன். சின்னாத்தா சேலையோடு குதித்து என்னை வாரியெடுத்தாள்.

"கண்ண எங்கன வச்சுக்கிட்டு நடக்குற?"

"இருட்டிருச்சுல்ல?" என்றேன்.

அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். மேற்கே மலைக்கு மேல் இன்னும் வெளிச்சம் இருந்திருக்கிறது. வரப்பில் நின்ற கொக்குகூடத் தெரிந்திருக்கிறது. அவள் மெதுவாகக் கையை என் முகத்துக்கு நேரே தூக்கி, "இது எத்தன விரலு தாயி?" என்றாள்.

"எது?" என்றேன்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டு அவள் கை என் தோளில் எப்படி இறுகியது என்பது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. தெருவில் கேட்டவர்களிடம், "வழுக்கிருச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து பொழுது இறங்கும்போதெல்லாம் விரலைக் காட்டினாள். நானும் 'எது?' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தால் நான் தெருவுக்குப் போகக் கூடாது. யார் கூப்பிட்டாலும் தூக்கம் வருகிறது என்று சொல்ல வேண்டும். வீரபாண்டி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாகவும், தீச்சட்டி எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டாள். "எங்கண்ண எடுத்துக்க ஆத்தா, அவளோடத விட்டுரு" என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முணுமுணுப்பாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சாயங்காலமானால் முதலில் மூலையில் இருக்கும் பானை காணாமல் போகும், அப்புறம் தம்பிகள் முகம், அப்புறம் என் கை. வாய்விட்டுச் சொன்னால் குருடி என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கோ யாரிடமும் போய்க் கேட்க வழியில்லை. சின்னாத்தா வந்தாள், பிள்ளையின் கண்ணைப் பிடுங்கிவிட்டாள் என்றுதான் ஊர் பேசும். மாமா காதில் விழுந்தால் அன்றைக்கே வண்டி வரும்.

மூன்று வீடு தள்ளி ஒரு ராவுத்தர் வீடு. அவர் ஆட்டுக்கறி வியாபாரம். அந்த வீட்டு அம்மா ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு உலக்கை கேட்டு வந்தாள். நான் சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததைப் பார்த்தவள், உலக்கையை மறந்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள்.

"எம்புட்டு நாளா?"

"எது அக்கா?"

"மறைக்காத புள்ள. மாலைக்கண்ணு. எங்க வீட்லயும் ஒண்ணுக்கு வந்துச்சு. என்னத்தக் குடுக்குற அவளுக்கு?"

"நெல்லுச்சோறுதான்க்கா. வேற ஒண்ணும் தொடவிட்டதில்ல."

"கீர?"

"ஐயோ, மூத்தா புள்ளைக்கா? கதவத் தொறந்து வச்சுத்தானக்கா சோறு போடுறேன்? நீங்க பாத்ததில்லையா?"

"பாத்தேன், பாத்தேன். ஊரு கண்ணுக்குப் போட்ட. ஊரு கண்ணு நல்லாத்தான் இருக்கு. புள்ள கண்ணுல்ல போகுது?"

சின்னாத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராவுத்தர் வீட்டம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை இறக்கி, "பயப்படாத. எங்க வீட்டுப் புள்ளைக்குத் தெளிஞ்சிருச்சு. ஈரல் நான் தாரேன், சுட்டுக் குடு. முருங்கக்கீரய நெதம் போடு. உம் மகனுக என்னத்தத் திங்கிறானுகளோ அதயே இவளுக்கும் குடு, போதும்" என்றாள்.

உன் மகன்கள் தின்கிறதை. அந்தச் சொல் அவளை அறுத்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக நல்லது மூலையிலும் கெட்டது வாசலிலுமாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் முதல்தடவையாக நான் சாப்பிடும்போது தெருக்கதவு சாத்தியிருந்தது. என் மணை சுவரைப் பார்த்துக் கிடந்தது. வட்டிலில் கம்பஞ்சோறு, பக்கத்தில் கீரை. நான் அப்பளத்தைத் தேடினேன்.

"இது தம்பிகளுது" என்றேன்.

"ஒனக்குந்தான். ஒரே ஒரு வாய் தாயி."

வட்டிலைத் தள்ளினேன். அவள் மறுபடி முன்னால் நகர்த்தினாள். நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி, வாசலில் நின்றுகொண்டு தெருவே அதிரக் கத்தினேன்: "சின்னாத்தா எனக்கு நெல்லுச்சோறு போட மாட்டேங்கிறா! எனக்குக் கீர போடுறா!"

வாழ்க்கையில் நான் செய்த தப்புகள் ஏராளம். பலதையும் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கத்தல் அவளை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

"அதான பாத்தேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "கதவச் சாத்தும்போதே நெனச்சேன்."

சின்னாத்தா தெருவுக்கு என்ன சொல்வாள்? காரணத்தைச் சொன்னால் கண்ணைச் சொல்ல வேண்டும். என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பெற்றவளாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்துத் தின்னவைத்திருப்பாள். இவளுக்கு அந்த உரிமையும் இல்லை. நான் அழுதால் ஊருக்குக் கேட்கும்.

அதனால் கெஞ்சினாள். கேழ்வரகு அடையில் கீரையைப் பொடியாக நறுக்கி ஒளித்து வைத்தாள். நான் ஒவ்வோர் இலையாகப் பிரித்தெடுத்து வட்டில் விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்தேன். ஈரலைக் காளான் என்று சொல்லிக் கொடுத்தாள். ஈரலோடு எனக்குச் சண்டையில்லை, அது ருசியாக இருந்தது. கம்பஞ்சோற்றையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஈரலுக்காகத் தின்றேன். கீரையில்தான் விட்டுக்கொடுக்கவில்லை. ஈரலோ தினமும் கிடைக்கிற சாமான் இல்லை.

நாலைந்து நாள் போனது. ஒரு காலையில் அவள் கீரைக் கொப்பை என் மடியில் போட்டாள். அகப்பையையும் என் கையில் கொடுத்தாள்.

"நீயே உருவு, நீயே தாளி, நீயே போடு. தம்பிகளுக்குப் போடு, எனக்கும் போடு. நீ திங்க வேணாம்."

சூடு பட்டுத் தழும்பு வந்தால் மாமா கேட்பார் என்று அதுவரை என்னை அடுப்புப் பக்கமே விட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீரை உருவினேன், பூண்டு உரித்தேன், உப்புப் போட்டேன். தம்பிகள் இருவரும் வட்டிலை என்னிடம் நீட்டி, "அக்கா, எனக்கு இன்னுங் கொஞ்சம்" என்றார்கள். அப்பளத்தை நொறுக்கித் தின்றபோது கிடைக்காத பெருமை எனக்கு அதில் கிடைத்தது. சின்னாத்தாவுக்கும் ஓர் அகப்பை போட்டேன். அதற்குள் சின்னவன், "உப்பே இல்ல" என்று சொல்லிவிட்டான்.

"உப்பு இருக்குலே!"

"இல்ல."

பொய் சொல்கிறான் என்று காட்டுவதற்காக ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு வாயும் போட்டேன். சின்னாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் எனக்கும் நானே போட்டுக்கொண்டேன்.

அது அவள் போட்ட திட்டம்தானா என்று பெரியவளான பிறகு கேட்டேன். "திட்டமெங்க? அன்னைக்கு எனக்குக் கை ஓஞ்சுபோச்சு, அம்புட்டுத்தான்" என்றாள்.

மூன்று வாரம் ஓடியிருக்கும். இதற்கிடையில் அவள் விரலைக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். மறுபடியும் நான் 'எது?' என்று சொல்வதைக் கேட்கப் பயம். வெளிச்சம் இருக்கும்போதே விளக்கை ஏற்றி, என்னை அதன் அடியிலேயே உட்காரவைத்துக்கொண்டாள். அதனால் கண் தெளிந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் கதவை யாரோ இடித்தார்கள். சந்தை நாள் இல்லை. அவள் திறந்தாள். மாமா நின்றார்.

அவர் முதலில் பார்த்தது என் வட்டிலை. கம்பஞ்சோறு, கீரை. அடுத்துப் பார்த்தது என் கையிலிருந்த அகப்பையை.

"கேள்விப்பட்டேன், நம்பல" என்றார். "கதவச் சாத்திக்கிட்டு இதப் போடுறது பத்தாதுன்னு புள்ளைய வேலையும் வாங்குறியாத்தா?"

"அண்ணே..." என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"கெளம்பு தாயி."

அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அகப்பையைக் கீழே போட எனக்குத் தோன்றவில்லை. கையிலேயே இருந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. சின்னாத்தா பின்னாலேயே வந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்களும் அழுதுகொண்டு வந்தார்கள். வண்டி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றது. மாமா தடியைத் தாண்டி என்னை வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, மாட்டைப் பூட்டப் போனார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஊர்ப் பக்கக் கரையில் அவள் நின்றாள். வாயில் சேலைத் தலைப்பைத் திணித்திருந்தாள். சின்னவன் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு நான் இன்னும் கீரை போடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அகப்பையோடு தடியை நோக்கி ஓடினேன்.

"அண்ணே! பிடிங்கண்ணே!" அவள் அலறினாள். "அவளுக்குப் பொழுது சாஞ்சாக் கண்ணு தெரியாது! மாலைக்கண்ணு! நாந்தான் மறச்சேன்! விழுந்துருவா, பிடிங்க!"

எந்த வார்த்தைக்குப் பயந்து இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தாளோ, அதை ஊரே கேட்க அவளே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னாத்தா, தம்பிக்கு இன்னும் போடலயே" என்று நான் அவளை உலுக்கினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என் காலைப் பார்த்தாள். நனையவில்லை. மேற்கே வெளிச்சம் கரைந்து, வரப்பு கறுத்துக்கொண்டிருந்தது. அவள் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"மூணு" என்றேன். "கையெல்லாம் ஏன் மண்ணு?"

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் எனக்கு மூச்சு முட்டியது. மாமா தடிமேல் வந்துகொண்டிருந்தார். அவசரத்தில் ஒரு கால் வழுக்கி முழங்கால்வரை தண்ணீருக்குள் போய் வந்தது. ஈர வேட்டியோடு அவர் வந்து நிற்க, அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நெல்லுச்சோறாப் போட்டுப் போட்டு நாந்தாண்ணே கெடுத்தேன். ஊருக்குப் பயந்து போட்டேன்."

மாமா வேட்டியைப் பிழிந்தார். நெடுநேரம் பிழிந்தார்.

"எனக்குப் பயந்துன்னு சொல்லாத்தா" என்றார்.

பிறகு வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பசிக்குது. வீட்ல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

வீட்டில் அவருக்கு இலை போட்டாள். பழக்கத்தில் அவள் கை அரிசிப் பானைக்குப் போனது. "அது வேணாம்" என்றார். நான் அவருக்குக் கம்பஞ்சோறும் கீரையும் போட்டேன். சின்னவனுக்கும் போட்டேன்.

சின்னாத்தா கதவைச் சாத்தப் போனாள். பாதி சாத்தியவள் கையை எடுத்தாள். பிறகு இரண்டு கதவையும் சுவரோடு ஒட்டத் திறந்துவிட்டு வந்து, என் மணையை வாசலுக்கு நேரே திருப்பிப் போட்டாள்.

வேடிக்கை பார்க்க நின்ற எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன வெஞ்சனம்?"

"முருங்கக்கீர" என்றாள் சின்னாத்தா.

"மூத்தா புள்ளைக்குமா?"

"அவதான் எல்லாருக்கும் போடுறா. ஒனக்கும் வேணும்னா வட்டிலக் கொண்டா."

அவள் தெருவுக்கு மறைக்காமல் பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.